அம்பர் பாயும் என் கைக்குட்டையும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் யாரும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே மனிதர் அம்பர் பாய்தான். அவர் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே அவருடைய அம்பர் அத்தர் ஏறி வந்து நம் கட்டிலில் உட்கார்ந்திருக்கும். அவர் போன பிறகும் அது போகாது.

2001 வாக்கில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, பெரம்பலூரில் ஃபாரின் சாமான் கடை போட்டிருந்தார். தினமும் ஊருக்குப் போய் வர அலுப்பாக இருக்கிறதென்று இங்கே தங்கி என் உயிரை வாங்கினார். எனக்கு உரக்கடையில் வேலை. யூரியாவையே சமாளித்த என் மூக்கு அம்பரிடம் தோற்றுப்போனது.

"நல்லா மோந்து பாருங்க தம்பி" என்று மணிக்கட்டை நீட்டுவார். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு நெடி அடிக்கும்.

"என்ன பாய் இது? தல வலிக்குது."

"அவசரப்படுறீங்களே! மல்லி, ரோசு எல்லாம் வந்ததும் கத்திட்டு ஓடிப்போயிரும். அம்பரு அப்படியில்ல. உடம்புச் சூடு ஏற ஏறத்தான் எந்திரிக்கும்."

எழுந்தால் வெல்லப்பாகும் சாம்பிராணியும் கலந்தாற்போலக் கனமாக மணக்கும். நல்ல வாசனைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் தலையணையிலுமா? துண்டிலுமா? கேரியரில் இருந்த தயிர்சாதத்திலுமா?

"பாய், சோத்துல அத்தர் வாசன வருது!"

"நாந்தான் தம்பி மூடி வச்சேன். ஈ மொய்ச்சுது."

அதற்கப்புறம் ஈயும் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குக் குன்னத்தில் பெண் பார்த்தார்கள். போட்டோவைப் பார்த்தபோதே, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கிளம்புகிற அன்று காலையில் பாயைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பாய், இன்னைக்கு ஒரு நாளு என் சட்டப் பக்கம் வராதீங்க."

"சத்தியமா சட்டயத் தொட மாட்டேன் தம்பி."

தொடவில்லை. கைக்குட்டையில் தடவிவிட்டார்.

சித்திரை வெயில். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. முதல் முறை முகத்தைத் துடைத்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. வழிகிற வேர்வைக்கு வேறு வழி? குன்னம் போவதற்குள் முகம், கழுத்து, கை என்று துடைத்துத் தீர்த்துவிட்டேன். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்ற நேரம் பார்த்து அம்பர் எழுந்தது. பெண்ணின் தாய்மாமன் என் பக்கம் குனிந்து, வாய்க்கு நேராக மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் தரகர் உரக்கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பொண்ணு வூட்ல வேணாங்கிறாங்க. குடிச்ச வாடைய மறைக்கத்தான் மாப்ள இம்புட்டு சென்ட்டு அடிச்சிக்கிட்டு வந்திருக்காருன்னு மாமன்காரரு சொல்லிட்டாராம்."

அடப்பாவி! பீர் பாட்டிலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவன் நான். அன்று மாலை பாயைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "ஒங்க அத்தரால என் கல்யாணமே போச்சு! இப்ப சந்தோசமா?" அவர் அத்தர் குப்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார்.

அடுத்த நாள் வேலை முடிந்து அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் மூலையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். தூக்கிவாரிப்போட்டது. பாய்! வாசனையே இல்லை. போதாததற்கு, லாண்டரியிலிருந்து வந்த என் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பையில் பட்டன் தெறிக்க உட்கார்ந்திருந்தார்.

"என் சட்டய ஏன் பாய் எடுத்தீங்க?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. என் சட்ட எல்லாத்துலயும் அம்பரு ஏறிக் கெடக்கு. குன்னம் போயிட்டு இப்பத்தான் வரேன்."

கடையை அடைத்துவிட்டு, எலுமிச்சம்பழம், சீயக்காய், துணி சோப்பு என்று கிடைத்ததையெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டுப் போயிருக்கிறார். மணிக்கட்டெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது.

"மாமன்காரர்ட்ட பேசிட்டேன். அத்தரு என்னுது, தப்பும் என்னுது, அந்தப் புள்ள குடிக்கிற ஆளா இருந்தா நான் ஒரே ரூம்புல இருப்பனான்னு கேட்டேன். நாள் பாக்கச் சொல்லிட்டாங்க தம்பி!"

"அதுக்கு எதுக்கு பாய் தோல இப்படி உரிச்சுக்கிட்டீங்க?" என்றேன்.

"மணத்துக்கிட்டுப் போயி நின்னா, என்னையும் குடிகாரன்னு வெரட்டிட்டா என்ன பண்றது? ஒங்க வாழ்க்கையாச்சே தம்பி."

சிரித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லாததால் கையைக் கீழே போட்டுவிட்டார். அலமாரியிலிருந்த அந்தச் சின்னக் குப்பியை எடுத்து, "கைய நீட்டுங்க பாய்" என்று நானே தடவிவிட்டேன்.