தெற்கு மதிலால் வந்த சூரியன்

எனக்குத் திசை தெரியாது. பெண் கேட்கப் போன காலத்திலேயே இதை ஒப்புக்கொண்டிருந்தால், முப்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்திருக்காது.

அப்போது எனக்கு, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்டில், ஒரு தொழிற்சாலையில் விமானப் பாகங்களை அளக்கும் வேலை. தலைக்கனத்துக்குக் குறைவில்லை. அந்த நேரம் பார்த்து, மன்னார்ப் பக்கத்துப் பழைய சிவன் கோயிலின் வரைபடம் ஒன்று இணையத்தில் அகப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்காரர் சங்கிலி பிடித்து அளந்து வரைந்தது. சரிந்த மதில், தூர்ந்த குளம், மரங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. கர்ப்பக்கிரகம் மட்டும் வெறுமை. (ஆளை உள்ளுக்கு விட்டிருக்க மாட்டினம்.) வெளியே நின்று அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரே யோசனை.

நான் கலியாணம் கட்ட விரும்பிய சுதாவின் அப்பா, ஊரில் அதே கோயிலின் சபையில் இருந்தவர். எனக்குப் பெண் தர இன்னும் ஓம் சொல்லவில்லை. அவரை மயக்கவென்று, பூங்காப் புல்லில் அந்தக் கோயிலைச் சுண்ணாம்புப் பொடியால் கீறினேன். கிழக்கு வாசலுக்கு இரண்டு கம்புகள், கர்ப்பக்கிரகத்தில் ஒரு குத்துவிளக்கு. புரட்டாசியில் பகலும் இரவும் சமமான நாளாகப் பார்த்து, கம்புகளுக்கு நடுவே சூரியன் எழும் என்று சொல்லி, ஊர்ச் சனம் முப்பது பேரை விடியவே கூட்டினேன்.

சூரியன் தெற்கு மதிலுக்கு மேலால் வந்தது.

"தம்பி, இதென்ன இந்தப் பக்கத்தாலை வருது?" நான் கீறிய குளத்துக்குள் நின்றுகொண்டு சுதாவின் அப்பா கேட்டார்.

"வெள்ளைக்காரன் படத்திலை வடக்கு அம்புக்குறியைப் பிழையாப் போட்டிட்டான் போலை," என்றேன் கூசாமல்.

அவர் போனில் திசைகாட்டியைத் திறந்தார். "நீர் வடக்கை எப்பிடிப் பிடிச்சனீர்?"

"பஸ்ஸிலை பிரெஞ்சிலை 'நோர்', வடக்கு எண்டு போட்டிருக்குத்தானே. அது போற பக்கம்."

இந்த நகரத்து வீதிகள் ஆற்றைப் பார்த்துப் போட்டவை. நாங்கள் வடக்கு என்பது உண்மையில் வடமேற்கு. பதினொரு வருடம் இங்கே இருந்தும் அது எனக்குத் தெரியாது.

"அந்தாள் நுளம்புக்கடியோடை நிண்டு சரியா அளந்திருக்குது. நீர் பஸ்ஸைப் பாத்துக் கோயில் கட்டியிருக்கிறீர்."

சனம் சிரித்தது. சுதா நிலத்தைப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்று நான் காலால் கோடுகளை அழிக்கத் தொடங்கினேன்.

"அழிச்சிட்டுத் திரும்பக் கீறும். நான் கயிறு பிடிக்கிறன்," என்றார் அவர்.

கீறிக்கொண்டே போய்க் கர்ப்பக்கிரகத்துக்கு வந்ததும், உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும்? ஐயர்தானே போறவர். நானும் வெளியிலை நிண்டு பாத்த ஆள்தான். வெறுமையா விடும்."

கலியாணம் நடந்தது. மணவறையைக் கிழக்குப் பார்த்து வைக்கும் வேலையை மட்டும் எனக்குத் தரவில்லை. இன்றைக்கும் ஜான்-டலோன் சந்தைக்குப் போக நிலத்தடி மெற்றோவிலிருந்து மேலே ஏறி வந்து நான் ஒரு பக்கம் கை காட்டினால், மகள் நின்று கேட்பாள்:

"அப்பா, இது கோயில் வடக்கோ, பஸ் வடக்கோ?"