பகீத்தின் செடி பூத்த கதை

"பெருநாளுக்குள்ள என் செடி பூக்கலைன்னா, வருஷம் பூரா ஆட்டுக்கு நான் தீனி வைக்கிறேன். பூத்துச்சுன்னா நீ வைக்கணும்!"

ஸலாலா மலையடிவாரத்து வீட்டில் பகீத் இப்படிச் சபதம் போட்டபோது, மனைவி துஃபூல் காபி ஊற்றிக்கொண்டே "சரிங்க" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டாமா?

அதுவரை விடியற்காலைத் தீனிக்கு இருவரும் முறை போட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். இனி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்! அந்தக் குஷியில் தன் செடியான பாலைவன ரோஜாவுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார் பகீத்.

"ஏங்க, அது பாறை இடுக்குல தானா வளர்றது. அடிமரத்துலயே தண்ணி சேத்து வெச்சிருக்கும். இந்தக் குளிர்ல இவ்வளவு ஊத்தினா அழுகிடும்."

"உனக்கு வயித்தெரிச்சல்!"

"எனக்கு வயித்தெரிச்சல், அதுக்கு வயித்து உப்புசம். ஊத்துங்க, ஊத்துங்க."

செடி பூக்கவில்லை. பார்த்துப் பார்த்து பகீத்தின் கண்தான் பூத்துப்போனது. பெருநாளுக்கு முதல் நாள் அடிமரத்தைத் தொட்டார். கனிந்த வாழைப்பழத்தில் நுழைவதுபோல விரல் உள்ளே போயிற்று. ஐயோ! மானமும் போச்சு, தூக்கமும் போச்சு!

அழுகிய செடியைத் தூக்கி ஆட்டுப்பட்டிக்குள் வீசினார். ஆடு தின்றுவிட்டால் தடயமே இருக்காதே! அடுத்து நேரே மச்சான் முசல்லம் வீட்டுக்கு ஓடினார். துஃபூலின் தம்பி. அவன் வாசலில் ஒரு பாலைவன ரோஜா, இலையே தெரியாமல் பூத்துக் குலுங்கியது.

"மாஷா அல்லா! இது செடியா, சொர்க்கமா? என்ன நிறம்! என்ன அழகு!"

விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதை அவருக்கே கொடுப்பது அந்த ஊர் வழக்கம்; வீட்டுக்காரன் சும்மா இருக்க முடியுமா? "உங்களுக்கே மச்சான், எடுத்துக்குங்க" என்றான் முசல்லம். "ஐயோ, வேண்டாம்" என்று மறுப்பதுதான் மரியாதை. பகீத் மரியாதையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முசல்லம் வாயை மூடுவதற்குள் தொட்டி வண்டியில் ஏறிவிட்டது.

வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பகீத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சிக்கு ஆளும் இருக்கிறது!

"துஃபூல், பாரு! என் செடி பூத்துருச்சு!"

துஃபூல் எழுந்து வந்தாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"மாஷா அல்லா! என்ன நிறங்க! என் வாழ்நாள்ல இப்படி ஒரு செடி பாத்ததே இல்ல! கண்ணை எடுக்கவே முடியலையே!"

இத்தனை பேர் நடுவில் மனைவி புகழ்கிறாள்! பகீத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. பழகிய வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"உனக்கே! எடுத்துக்கோ!"

"எடுத்துக்கிட்டேன்" என்றாள் துஃபூல். "கேட்டீங்களா அக்கா எல்லாரும்?"

"கேட்டோம், கேட்டோம்!"

"நீங்க எப்படி வாங்கினீங்களோ, நானும் அப்படியே வாங்கிட்டேன். முசல்லம் அப்பவே போன் பண்ணிட்டான்."

பகீத் தொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதனால என்ன? செடி பூத்துச்சு இல்ல?"

"பூத்தது என் செடிங்க. உங்க செடி பட்டியில கிடக்கு. பாலைவன ரோஜா விஷம்னு ஆட்டுக்கே தெரியும், ஒண்ணுகூட வாய் வைக்கல. காலையில தீனி வைக்கப் போறப்ப, அது பூத்திருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க."