யூரியா மூட்டைக்கு மார்க் போடுவது சம்பந்தமாக

கரிக்கலாம்பாக்கம்

மதிப்பிற்குரிய ஜெயசித்ரா டீச்சர் அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு அருள்மொழியின் அப்பா, டிராக்டர் டிரைவர் ராஜ்மோகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம். நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை என்பதால் நலம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்கும் டெங்கு கொசு பற்றி ஒரு தாள் கொடுத்து, இதில் முக்கியமான விஷயம் எது என்று கேட்டீர்கள். நான் எழுந்து, டீச்சரோட எழுத்து முத்து முத்தா இருக்குது என்றேன். அது அச்சடித்த தாள் என்று பின்பெஞ்சு முத்துக்குமரன் சொல்ல, ரூமே சிரித்தது. என் மகள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தகவல் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்துக்கும் நிம்மதி இல்லை. தலைப்பைப் பார், தடித்த எழுத்தைப் பார், யார் யாருக்கு எதற்கு எழுதினார்கள் என்று கேள், முக்கியமான வரிக்குக் கோடு போடு, அப்புறம் உன் சொந்த வார்த்தையில் சொல். கேஸ் புத்தகம் போச்சு, கரண்ட் பில் போச்சு. எனக்கு ஒரே முறைதான்: கல்யாணப் பத்திரிகையோ கம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீசோ, என் பேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். அப்படித்தான் உறுவையாறு கல்யாணப் பத்திரிகையில் என் பேரைப் பார்த்த சந்தோஷத்தில் தேதியை விட்டுவிட்டு, மறுநாள் பட்டுக்கரை வேட்டியோடு போய், பந்தல் பிரிக்கிறவர்களுக்கு ஒரு கை பிடித்துவிட்டு வந்தேன். உன் முறைக்கு முட்டை மார்க்குபா என்றாள் மகள்.

பிறகுதான் வீட்டிலிருந்து ஒரு தகவல் தாளைப் படித்து எழுதிவரச் சொன்னீர்கள். அவள் பீரோவைத் திறந்து அவங்க அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துவிட்டாள். அமுதம் போய் ஐந்து மாதம் ஆகிறது, உங்களுக்கே தெரியும். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னதாகத்தான் ஊரிலும் பிள்ளையிடமும் சொல்லிவைத்திருந்தேன். அந்தக் காகிதங்களில் ஒரு தாள் தமிழில் இருந்தது. தலைப்பைப் பார்த்தாள். தடித்த எழுத்தைப் பார்த்தாள். பென்சிலால் ஒரு வரிக்குக் கோடு போட்டாள்: மருத்துவர் இருக்கச் சொல்லியும், எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம். கீழே என் பேர், பக்கத்தில் என் கையெழுத்து.

"அவங்கதான் போவச் சொன்னாங்கன்னு சொன்னியேபா?"

எம்பேரு இருந்துச்சு, போடுன்னாங்க, போட்டேன், நான் இன்னாத்த கண்டேன் என்றேன்.

"படிக்கவே இல்லியா?"

"இல்லமா."

அவள் ரப்பரை எடுத்து, காகிதம் கசங்காமல், போட்ட கோட்டை அழித்தாள். வாசலில் கிடந்த காலி யூரியா மூட்டையை இழுத்துவந்து அதைப் படித்து எழுதினாள். முக்கியமான வரி: கொக்கி போட்டுத் தூக்கக் கூடாது. மறுநாள் நான் வண்டி எடுக்கும்போது பின்னாலேயே வந்து, இனிமே எங்கிட்ட காட்டாம எதுலயும் கையெழுத்து போடாதபா என்றாள். சரி என்றேன்.

ஆகையால் மூட்டையைப் பற்றி எழுதியதற்கு மார்க்கைக் குறைக்க வேண்டாம். வேறு தாள் கிடைக்கவில்லையா என்று வகுப்பில் கேட்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜ்மோகன்

பி.கு.: பிள்ளை கேட்டாளே, படிக்கவே இல்லையா என்று. படித்தேன் டீச்சர். அந்த ஒரு தாளை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படித்தேன். அமுதம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வூட்டுக்குப் போலாம்யா, போலாம்யா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். படித்துவிட்டுத்தான் போட்டேன்.