எழுபத்து மூன்று வயது கோகிலா

சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் இசக்கித்துரையின் மகள் கோகிலாவுக்கு வயது இருபத்து மூன்று. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சு படபடத்து, தலை வலித்து, வியர்த்துக் கொட்டும். உடம்புச் சூடு என்றார்கள் தெருக்காரர்கள். அந்த வருஷம் வெள்ளரிக்காயும் புதினாவும் ஊறப்போட்ட தண்ணீர்தான் ஊரில் நாகரிகம். தினமும் நாலு லிட்டர் குடித்தாள். பதினைந்து தடவை போனாள். பதினைந்து தடவையும் படபடத்தது. குடிப்பது பற்றவில்லை என்று ஆறு லிட்டர் ஆக்கினார்கள்.

திருநெல்வேலியில் டாக்டர் அபிஷா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "மூத்திரப்பையில கட்டி. ரொம்ப அபூர்வம். பை சுருங்கும்போது பிரஷரை ஏத்துத ஹார்மோனை ரத்தத்துல விடுது. மூணு வாரம் மாத்திரையில பிரஷரை அடக்கிட்டு எடுத்துரலாம். தள்ளிப்போடக் கூடாது."

இசக்கித்துரை மகளோடு காப்பீட்டு அலுவலகம் போனார். அதிகாரி சங்கரசுப்பிரமணியன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இந்தக் கட்டிக்கு அம்பது வயசு ஆகணும் அண்ணாச்சி. பிள்ளைக்குத் தகுதி இல்ல."

"கட்டி இருக்கே சார்."

"இருக்கலாம். விதிப்படி இல்ல."

"அபூர்வ நோய்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க."

"அதுக்குத் தனி பாரம். இதே நோய் உள்ள பத்து பேரு கையெழுத்து வேணும்."

"பத்து பேருக்கு இருந்தா எப்படி சார் அபூர்வம்?"

"அதைத்தான் கமிட்டி ஆராயும்."

கோகிலா எழுந்து, "சார், இங்கன பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டுப் போனாள். திரும்பி வரும்போது வாசலிலேயே வெளிறிப்போய்ச் சரிந்தாள்.

அலுவலக வளாகத்தில் மரணம் நேர்ந்தால் பதினான்கு பாரங்கள் நிரப்ப வேண்டும். அதிகாரி வயதுக் கட்டத்தில் இரண்டை அழித்து ஏழு போட்டார். இரண்டே நிமிஷத்தில் அனுமதி வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு வந்த அன்று கோகிலா பயந்துகொண்டேதான் பாத்ரூமுக்குள் போனாள். நெஞ்சு படபடக்காமல் அதன்பாட்டுக்கு அடித்தது. அங்கேயே நின்று அழுதாள்.

அடுத்த மாதம், பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்த காரணத்தால், அவளுக்கு முதியோர் உதவித்தொகை உத்தரவு வந்தது.

"தப்பா வந்திருக்குப்பா. சொல்லித் திருத்திட்டு வாங்க," என்றாள்.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தை ஊரெல்லாம் ஏசிக்கொண்டிருந்த இசக்கித்துரை, உத்தரவோடு போனார்.

"திருத்தணுமா அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும் சார். எனக்கு அம்பத்திரண்டு. கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா?"

"மகளுக்கு எழுபத்திமூணு. உங்களுக்குத் தொண்ணூறுக்குக் கம்மியாப் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்கிடாது."

"தொண்ணூத்தஞ்சாவே போடுங்க."

அவருக்குப் பின்னால் தெருவே ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றது. முப்பது வயதுக்காரர் ஒருவர் பொறுமையிழந்து சொன்னார்: "சீக்கிரம் நகருங்க தாத்தா. எங்களுக்கும் வயசாகுதுல்லா."