கண்ணாடியில் செருகிய வசனம்

"என்னய்யா, வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த கறிக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

சலூன்காரர் கையில் கத்தரிக்கோல் மட்டும் காதோரம் கிரிச் கிரிச்சென்று பேசியது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் தொடங்கி மூன்றாம் நாள். நாற்பது நாளைக்கு ஊர்வம்பு பேசுவதில்லை என்று சபை முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டார். கறியை விடுகிறவன் உண்டு, சிகரெட்டை விடுகிறவன் உண்டு, அதிலும் பாதிப்பேர் புளுகுகிறவர்கள். வம்பை விட்ட சலூன்காரன் எவனும் கிடையாது.

எல்லாம் அக்காளுக்காக. அவளுக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் என்பதை ஒரு ஷேவிங் நேரத்தில் இவர் உளறிவைக்க, அது தெருவைச் சுற்றி அவள் காதுக்கே போய்ச் சேர்ந்தது. எட்டு மாதமாக வாசலை மிதிக்கவில்லை. அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள்.

"நாப்பது நாள் அவன் வாயைக் கட்டட்டும். ஈஸ்டருக்குச் சாப்பிட வரேன். ஒரு வார்த்தை வெளிய போச்சு, என் சாவுக்குக்கூட வர வேண்டாம்" என்று இவர் பெண்டாட்டியிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

"எதிர்வீட்டுத் தையக்காரன் மச்சான் பெட்டியோட வந்தான், பெட்டி இல்லாமப் போறான். என்ன சங்கதி?" கறிக்கடைக்காரர் தூண்டில் போட்டார்.

சலூன்காரருக்குத் தெரியும். அடியும் நுனியும் தெரியும். நாக்கு அரித்தது.

ஆசை வந்தால் சொந்தமாகப் பேசாதே, வனாந்தரத்தில் இயேசு பிசாசுக்குச் சொன்னதுபோல வசனத்தால் பதில் சொல் என்று போதகர் சொல்லியிருந்தார். இவருக்கு வசனம் மனதில் நிற்காது. அதனால் பெண்டாட்டி தினமும் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் செருகிவிடுவாள். அதை வாசித்தார். கள்ளத்தராசு வைத்திருக்கிறவனைக் கடவுளுக்குப் பிடிக்காது என்று இருந்தது.

சோப்பு நுரையைவிடக் கறிக்கடைக்காரர் முகம் வெளுத்தது.

"யாருண்ணே சொன்னா? கிலோவுக்கு அம்பது கிராம்தான். அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்!"

அன்று சாயங்காலமே சலூன்காரர் பெண்டாட்டியிடம், "யாரையும் குத்தாத வசனமா எழுதும்மா" என்றார்.

"சரிங்க" என்று அவள் அயலானை நேசிக்கச் சொல்லும் வசனத்தை எழுதினாள். மறுநாள் வந்த வாத்தியார் அதைக் கேட்டதும், பக்கத்து வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டது தான்தான் என்று விசும்பினார். கத்தி கழுத்தில் இருக்கும்போது விசும்பினால் ஆபத்து. ஷேவிங் பாதியில் நின்றது.

சலூன்காரர் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார். அது இன்னும் மோசமாய்ப் போயிற்று. காது கேட்காதவனிடம் சொல்ல எவனுக்குக் கூச்சம்? சத்தமாகவே சொன்னார்கள். தலையில் ஒரு முடி இல்லாத தபால்காரர்கூட வந்து, "காதோரம் கொஞ்சம் பாருங்க" என்று உட்கார்ந்து மனசைக் கொட்டினார். பஞ்சைத் தாண்டி எல்லாம் உள்ளே இறங்கியது. திரைக்குப் பின்னால் துண்டு துவைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி, மெதுவாகப் பேசச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. பொறுமைசாலி.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போதகரே வந்தார். சீட்டில், திருடுகிறவன் இனிமேல் தன் கையால் பாடுபடட்டும் என்று இருந்தது. சலூன்காரர் வாசித்தார்.

போதகர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பிரசங்கம் எல்லாம் என் சம்சாரம் எழுதிக் குடுக்கறது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் எழுந்து போனதும் அடுத்த நாற்காலிக்காரர், "பாஸ்டர் ஏன் அழுதுட்டுப் போறார்?" என்றார். சலூன்காரர் சீப்பைக் கடித்தார். இரண்டு பல் ஒடிந்தது, சீப்புக்கு.

ஈஸ்டர் மத்தியானம் அக்காள் வந்தாள். சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நாப்பது நாள். ஊர்ச்சங்கதி மொத்தமும் இந்த வயித்துக்குள்ளதான் இருக்கு. ஒண்ணுகூட வெளிய விடலை."

"தெரியும்டா, தங்கம்" என்று தலையைத் தடவினாள் அக்காள். பிறகு சாப்பிட உட்கார்ந்து, சோறு போட வந்த தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"ஈஸ்டர் முடிஞ்சுதுன்னு சீட்டை நிறுத்திப்புடாதேடி, ஆளுக்கேத்தபடி இன்னும் முப்பது வசனம் பொறுக்கி வச்சிருக்கேன், அந்தப் பாஸ்டர் கதையை வேற நீ வந்து சொல்லிப் பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டே!"