அசைச்சுப்பாரு மாமாவும் என் கல்யாண லாரியும்

பீடத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையாரையே கும்பிடுவார் எங்கள் அசைச்சுப்பாரு மாமா. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எங்கள் சந்தில் இருந்த லாரிப் பட்டறையில் அவருக்கு ஸ்டியரிங் வேலை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சக்கரத்தைத் திருப்புகிற தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுவார். "ஆட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டால் முதலாளி தலைகீழாக நின்றாலும் அந்த லாரி நகராது.

பட்டறைக்கு வெளியேயும் அந்தக் கை சும்மா இருக்காது. காப்பிக்கடை நாற்காலியை ஆட்டிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் வீட்டுத் தொட்டிலை ஆட்டுவார், பிள்ளை தூங்குவதற்கல்ல, கொக்கியைப் பார்ப்பதற்கு. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தோள்வரை ஆட்டினார்.

"என்னங்க பாக்குறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல தம்பி. ஜாயிண்ட் எல்லாம் டைட்டா இருக்கு. முடிச்சிடலாம் லா."

நான் தலை நிமிரவில்லை. சிரிப்பை அடக்கியதில் காப்பித் தட்டுதான் ஆடியது.

என் தாய்மாமன் ஊரில் இருந்தார்; கப்பல் ஏறி வர முடியாது. அதனால் கல்யாணத்தில் இவரையே மாமனாக நிற்கச் சொன்னார் அப்பா. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். இந்த முகூர்த்தமும் தப்பினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார்.

டேங்க் ரோட்டுக் கோயிலுக்குப் போகப் பட்டறை லாரியையே கழுவி, பூச்சரம் கட்டியிருந்தார்கள். பின்னால் சொந்தக்காரர்கள் ஏறி நின்றாயிற்று. நான் முன்சீட்டுக்குப் போனேன்.

"பொண்ணு ஏறுற வண்டி. ஒரு தடவ பாத்துடறேன்" என்று புது வேட்டியோடு அடியில் புகுந்துவிட்டார் மாமா.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப வெளிய வாங்கண்ணே, நேரம் போகுது!" என்றார் அப்பா.

"ஸ்பிளிட் பின்ன கழட்டிட்டேனே."

நட்டு கழன்று விழாமல் குறுக்கே செருகி வளைக்கிற சின்னக் கம்பி அது.

"அதையே திரும்பச் சொருகுங்க."

"வளைச்சு நிமித்தினத மறுபடி போடக்கூடாது. ஒடிஞ்சிடும். புதுசு வேணும்."

பட்டறையில் புதுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சாமான் கடையெல்லாம் பூட்டு. நன்றாக இருந்த லாரியை, நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே நிறுத்திவிட்டார்! அத்தை தன் கொண்டை ஊசியை உருவி அடியில் நீட்டினார்.

"கொண்டையத் தாங்குறது லாரியத் தாங்குமா?"

"அங்க அவங்க எழுந்து போயிட்டா இவ கதி என்னய்யா?" என்று அத்தை கத்தினார்.

மாமா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய், ஒரு சீனத் திரிஷாக்காரரை அவருடைய சைக்கிள் ரிக்‌ஷாவோடு கூட்டி வந்தார். "ஏறும்மா" என்றவர், "இரு, இரு" என்று அதன் ஹேண்டிலைப் பிடித்தார். திரிஷாக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மாமா மட்டும் வண்டியின் ஓரத்தைப் பிடித்தபடி கோயில்வரை ஓடியே வந்தார்.

முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் தாலி ஏறியது. பெரியவர்கள் வரிசையாக வந்து தலையில் கை வைத்து வாழ்த்தினார்கள். மாமா மட்டும் கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காத நான், எழுந்து போய் அந்தக் கையை இழுத்து, பூவின் மேலேயே வைத்துக்கொண்டேன்.