டாக்டர் காருக்குப் பந்தல் போட்டவர்

வடசேரிப் பந்தல்காரரைப் போல அண்ணாந்தே வாழ்ந்த மனிதர் நாஞ்சில் நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்க மாட்டார். தலைக்கு மேலே துணி ஏதாவது தொய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் எல்லோரும் ஜெபம் முடிந்து கண் திறந்தால், மனிதர் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூரையில் தொங்கிய பங்கா விசிறியின் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். போதகர் ஆமென் சொன்ன பிறகும் இறங்கவில்லை.

நான் அப்போது ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் கல்யாணமாகாதவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து பழைய மூடுகார் வாங்கியிருந்தார். ஒரே மழைக்காலத்தில் அதன் உட்கூரைத் துணி ஆணி கழன்று, மாட்டின் அலைதாடி போலத் தொங்கிவிட்டது. ஒரு கையால் துணியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுவார். மார்த்தாண்டம் போகிற வழியில் துணி முகத்தில் விழுந்து, கார் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய் நின்றது. மறுநாளே பந்தல்காரருக்கு ஆள் போனது.

அவர் காருக்குள் மல்லாந்து படுத்தார். வாய் நிறையச் சிற்றாணி; கால் இரண்டும் கதவுக்கு வெளியே. பழைய துணியைக் கிழித்தெறிந்துவிட்டு, புது வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து அறைந்தார். ஜாலர் கீலர் ஒன்றும் வைக்கக் கூடாது என்று டாக்டர் குனிந்து சொன்னார். "ம்" என்று பதில் வந்தது. வாயில் ஆணி இருக்கையில் அவர் எதற்குமே "ம்"தான் சொல்வார் என்பது டாக்டருக்குத் தெரியாது.

சாயங்காலம் பார்த்தால், சுற்றிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சிவப்பு ஜாலர், நடுவில் துணித் தாமரை.

"இது என்ன கல்யாண வீடாவேய்?" என்றார் டாக்டர்.

"ஜாலர் இல்லேன்னா எழவு வீட்டுப் பந்தல்லா டாக்டரே. சீக்குக்காரன் வீட்டுக்கு அப்பிடிப் போனா நல்லாவா இருக்கும்?"

உடனே கழற்றச் சொல்லி டாக்டர் கத்திக்கொண்டிருந்தபோதே ஒருவன் ஓடிவந்தான். பேச்சிப்பாறைப் பக்கம் அவன் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஜாலரோடேயே கிளம்பினோம்.

அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் கிடத்தி ஆசுபத்திரிக்கு வந்துகொண்டிருந்தோம். வலி சற்று விட்ட நேரத்தில் அவள் மேலே பார்த்துக் கேட்டாள்:

"டாக்டரே, ஆருக்காக்கும் கல்யாணம்?"

டாக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"எனக்குத்தான் மக்கா" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவளும் சிரித்தாள், அடுத்த வலி வரும்வரை சிரித்தாள். பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலை பந்தல்காரர் குறடோடு வந்து நின்றார். ஜாலர் இருக்கட்டும் என்றார் டாக்டர். பந்தல்காரர் அதோடு போயிருக்கலாம். முன்னால் இரண்டு குலைவாழையும் கட்டிவிடட்டுமா என்று கேட்டு, வாசல்வரை துரத்தப்பட்டார்.

மருந்து கலக்கி அலுத்துப்போன நாட்களில் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வடசேரிவரை நடந்து, அவரோடு ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.